பழைய மேனுவல் லென்ஸ்: நான் செய்ததை நீங்களும் செய்யாதீர்கள்

சென்ற வாரம் ஒருவர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். உள்ளிருந்து விழுந்தது ஒரு ஹீலியோஸ் 44-2 (பழைய சோவியத் 58 மி.மீ. லென்ஸ்), துண்டு துண்டாக. "ஃபோகஸ் வளையம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, கிரீஸ் மாற்றலாமே என்று பிரித்தேன்" என்றார். இதே லென்ஸை இதே காரணத்துக்காகப் பிரித்தவன் நான் என்பதால் திட்ட வாய் வரவில்லை. மூடியோடு படமெடுப்பது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன்; அவை தாமாகவே திருந்திவிடும்.

ஹெலிகாய்டை அடையாளம் போடாமல் பிரிப்பது

வளையத்தைத் திருப்பும்போது கண்ணாடித் தொகுதியை முன்னும் பின்னும் நகர்த்தும் மரைதான் ஹெலிகாய்டு. சாதாரண ஸ்க்ரூவில் ஓடுவது ஒரே புரி. இதில் பல புரிகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஆகவே கழன்ற பாகங்களைத் திரும்பச் சேர்க்கப் பல வாசல்கள் உண்டு. எந்த வாசலில் வைத்தாலும் மரை வழவழவென்று ஏறும். சரியான வாசல் ஒன்றே ஒன்று.

"இன்னும் ஒரு சுற்று இருக்கும்" என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன். சட்டென்று ஆளுக்கொரு பாகமாக இரு கைகளிலும் வந்துவிட்டது. எங்கே விட்டது என்று பார்க்கவில்லை. பிறகு மூன்று மாலைகள், ஒவ்வொரு வாசலாகப் போட்டு, கேமராவில் மாட்டி, தொலைவிலிருந்த விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதிலேயே கழிந்தன. 58 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் 10 மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டிக்கு (வெகுதொலைவுக்கு) போகக் கண்ணாடி நகரும் தூரம் சுமார் 0.34 மி.மீ. மட்டுமே. வாசல் தவறினால் பிழை இதையெல்லாம் தாண்டிவிடும். மூன்றாம் நாள் பொறுமையிழந்து அழுத்தியதில் மரை குறுக்கே கடித்து, அலுமினியத் தூள் உதிர்ந்தது. அதன் பிறகு அந்த லென்ஸ் பக்கத்திலிருக்கும் முகங்களை மட்டும்தான் எடுத்தது.

இன்றும் எரிச்சல் தருவது, அதைப் பிரிக்கத் தேவையே இருக்கவில்லை என்பதுதான். இறுக்கமான வளையத்தால் எந்தப் படமும் கெடுவதில்லை. பிரித்தே தீர வேண்டுமானால், வளையத்தை இன்ஃபினிட்டியில் வைத்து இரு பாகங்களின் குறுக்கே ஊசியால் ஒரு கீறல் போடுங்கள். பாகங்கள் பிரியும் அந்த இடத்தில் இன்னொரு கீறல். மரைக்குள் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பவர்கள் தனி ரகம். அந்த எண்ணெய் வழிந்து, ஒளி புகும் துளையைச் சுருக்கும் அபெர்ச்சர் இதழ்களை ஒட்டவைத்துவிடும்.

மவுண்ட் தூரம் பாராமல் வாங்குவது

ஹீலியோஸ் போன்ற எம்42 (திருகி மாட்டும்) லென்ஸுக்கு மவுண்டிலிருந்து, அதாவது லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து, ஃபிலிம் அல்லது சென்சார் வரை 45.46 மி.மீ. வேண்டும். நிகான் எஃப் பாடியில் அது 46.5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மேலே சொன்ன 0.34-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்: ஹீலியோஸின் பார்வை மூன்று மீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். கண்ணாடி வைத்த அடாப்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே மாட்டும் வளையம்) இதைச் சரிக்கட்டும். மலிவானதாக இருந்தால் கூர்மையையும் தின்றுவிடும். கேனான் ஈஎஃப்பில் 44, சோனி ஈ மவுண்டில் 18. அங்கே வெறும் உலோக வளையமே போதும். ஆனால் முழு ஃபிரேம் கேனான் எஸ்எல்ஆரில் சில லென்ஸ்களின் பின்பகுதி மிரரில் முட்டும்.

முட்டும்வரை திருப்பினால் இன்ஃபினிட்டி என்று நம்புவது

பல அடாப்டர்கள் ஒரு மயிரிழை மெலிந்தவை; ஃபோகஸ் வளையம் முட்டும் இடம் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போயிருக்கும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மஞ்சளித்த கண்ணாடியைத் தேய்ப்பது

அது அழுக்கல்ல. சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4-இன் பிந்தைய வடிவம் போன்ற சிலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிர்வீச்சுதான் நிறத்தை மாற்றுகிறது. புறஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

1977-க்கு முந்தைய நிகான் லென்ஸைப் பிந்தைய பாடியில் அழுத்தித் திருப்புவது

பல பாடிகளில், ஒளி அளக்கும் மீட்டரோடு இணைந்த நெம்பு ஒடியலாம். லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

ப்ரீசெட் வளையத்தை மறப்பது

ஹீலியோஸ் 44-2-இல் அபெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப்/8 என்று குறித்துவிட்டு, மற்றதை எஃப்/2 வரை திறந்து ஃபோகஸ் செய்து, எடுக்கும் முன் மூட வேண்டும். மீட்டர் இல்லாத ஃபிலிம் கேமராவில் மறந்தால் நான்கு ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சம். நண்பரின் திருமணத்தில், வெளிச்சம் மிஞ்சினால் வெளிறிவிடும் ஸ்லைடு ஃபிலிம் ரோல் முழுவதும், 36 படங்களையும், அப்படித்தான் எடுத்தேன். கழுவி வந்ததை விளக்குக்கு எதிரே பிடித்தபோது ஏறக்குறைய வெறும் கண்ணாடித்தாள். ஒரு படத்தில் மட்டும் யாரோ ஒருவரின் கறுப்புக் கோட்டு தெரிந்தது.