மின்சாரக் காரணி எந்த நாட்டுக்குரியது?

பசுமை இல்ல வாயுக் கணக்கீட்டு மென்பொருளில் மின்கட்டண ரசீதின் யூனிட்டுகளைப் பதிவதற்கு முன், மின்சாரத்துக்கான உமிழ்வுக் காரணி (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதைக் காட்டும் எண்) எந்த நாட்டுக்குரியது என்று பார்த்து, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் அண்மைய இந்தியக் காரணிக்கு அதை மாற்றிவிடுங்கள். வெளிநாட்டில் உருவான கருவி தன் நாட்டுக் காரணியையே முன்கூட்டி வைத்திருக்கக்கூடும். நிலக்கரியைப் பெரிதும் நம்பியுள்ள நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பிரிட்டனிலோ ஏறத்தாழ 0.2 கிலோதான். எனவே கருவியில் பிரிட்டன் காரணி இருந்தால், மாதம் 10,000 யூனிட் செலவிடும் சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு 7 டன் என்று வரவேண்டிய கணக்கு 2 டன்னாகச் சுருங்கிவிடும். பின்னர் தணிக்கையில் தெரியவந்தால் ஓராண்டுப் பதிவு முழுவதையும் திருத்த வேண்டியிருக்கும். இரு மாத ரசீதாக இருந்தால் யூனிட்டுகளை மாதவாரியாகப் பிரித்துப் பதிவதும் நல்லது.

ஜெனரேட்டருக்கான டீசலுக்கு இது பொருந்தாது, ஏனெனில் ஒரு லிட்டர் எரிந்தால் எந்த நாட்டிலும் ஏறத்தாழ 2.7 கிலோதான். கூரைச் சூரியத் தகடுகளிலிருந்து ஆலையே நேரடியாகப் பயன்படுத்தும் மின்சாரத்தை இக்காரணியால் பெருக்கக் கூடாது. மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து எழும் மீத்தேனைத் தனியாகவே கணக்கிட வேண்டும்.