எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரித் தீனி: எங்கிருந்து ஆரம்பித்து நிறுத்துவது?

ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து பதினான்காவது மாதம். ராத்திரி மணி பத்தே முக்கால். சமையலறையில் விளக்குகூடப் போடாமல் நின்றுகொண்டு காரசேவு டப்பாவைத் திறக்கப் பார்க்கிறேன். எவர்சில்வர் டப்பா, மூடியை நெம்பினால் ‘டக்’கென்று சத்தம் வரும். பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறார். அதனால் மூடிமேல் துண்டைப் போட்டு அமுக்கிக்கொண்டே திறந்தேன். ஒரு பிடி. பத்து நிமிடம் கழித்து இன்னொரு பிடி. பன்னிரண்டு மணிக்குப் பாதி டப்பா காலி. வயிறு வலிக்கவில்லை, வாந்தியும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இன்றைக்கு ராத்திரியும் இப்படி யாராவது எங்கேயோ ஒரு சமையலறையில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் எனக்கு ஆபரேஷன் நடந்து நான்கு வருடம் ஆகிறது. ராத்திரித் தீனியைக் கட்டுக்குள் கொண்டுவர எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. எந்த வரிசையில் என்ன செய்தேன், ஏன் அந்த வரிசை என்று சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: ஆபரேஷன் முடிந்து இன்னும் கஞ்சி, மசித்த உணவு என்ற கட்டத்தில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டுப்படியே போங்கள்.

சின்ன இரைப்பையில் அவ்வளவும் எப்படிப் போகிறது?

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான். எடை குறைக்கச் செய்யும் இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் என்றால் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை. ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட முடியாது, சரி. ஆனால் முறுக்கு, காரசேவு, டீயில் தொட்ட பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் எச்சிலோடு சேர்ந்ததும் கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முட்டையும் கோழிக்கறியும் அப்படி இறங்காது. உள்ளே உட்கார்ந்து ‘போதும்’ என்று நம்மைச் சொல்லவைக்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கொறித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகும். 100 கிராம் மிக்சரில் மட்டும் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது.

இன்னொரு விஷயம் பசி. ஸ்லீவில் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. முதல் சில மாதங்கள் பசியே தெரியாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் பசி மெல்லத் திரும்பி வரும். அதுவும் சாயங்காலத்தில்தான் பலமாக வரும். 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்களை மங்கலான வெளிச்சத்தில் வைத்து, சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உடம்பின் கடிகாரப்படி பசி காலை எட்டு மணிவாக்கில் மிகக் குறைவாகவும் ராத்திரி எட்டு மணிவாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. ஆக, எட்டு மணிக்குப் பசிக்கிறதே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நேரத்துக்கு எந்த நிலையில் போய்ச் சேருகிறீர்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும். அந்த வேலை காலையிலேயே ஆரம்பிக்கிறது.

படி 1: ஏழு நாள் நோட்டு

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். எழுத மட்டும் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டில் நான்கு கட்டம்: எத்தனை மணி, என்ன, எங்கே (நின்றபடியா, டிவி முன்னாலா, கட்டிலிலா), அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. கலோரி எழுத வேண்டாம். கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் வெட்கம் வரும். வெட்கம் வந்தால் பொய் எழுதுவோம், நானே முதல் இரண்டு நாள் அப்படித்தான் எழுதினேன்.

என் நோட்டு மூன்றாம் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டது. காலையில் காபி மட்டும். பதினொரு மணிக்கு ஒரு இட்லி. மதியம் ரசம் சாதம் நான்கு வாய். அதற்குப் பிறகு ராத்திரி எட்டரை வரை ஒன்றுமில்லை. பகலெல்லாம் ‘நான் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பத்தே முக்கால் மணிக்காக நானே பசியைச் சேர்த்துவைத்திருக்கிறேன்.

உங்கள் நோட்டில் வேறு ஏதாவது தெரியலாம். தினமும் சண்டைக்குப் பிறகோ வீடு அடங்கிய பிறகோ மட்டும் தின்கிறீர்களா? இனிப்பு தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்போடு பசிக்கிறதா? தூங்கி நடுவில் எழுந்து சாப்பிடுகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. கடைசி இரண்டும் டாக்டரிடம் போக வேண்டியவை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: புரதத்தைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் கொடுங்கள். ராத்திரியை இன்னும் தொடவே வேண்டாம்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. உங்கள் டயட்டீஷியன் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. நம் வீட்டுச் சாப்பாட்டில் இது தானாக வந்துவிடாது. இரண்டு இட்லியில் நான்கு கிராம் இருந்தால் பெரிது. நான் வகுத்துக்கொண்டது இப்படி: காலை எட்டு மணிக்குள் இரண்டு வேகவைத்த முட்டை, 12 கிராம். பதினொரு மணிக்குப் பாலில் புரதப் பவுடர், 20 கிராம் வாக்கில். மதியம் மீனோ கோழியோ நாலைந்து துண்டு, 18 கிராம் வாக்கில். சாதம் அதற்கு அப்புறம்தான். சாயங்காலம் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 7 கிராம். ராத்திரி 50 கிராம் பனீர் பொடிமாஸ், 9 கிராம். சைவம் என்றால் மதியம் சோயாவும் கெட்டித் தயிரும் வைத்துக்கொள்ளலாம்.

காலையில் பசிக்கவே இல்லை, எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். ராத்திரி தின்பவர்களுக்குக் காலையில் பசிக்காது. காலையில் சாப்பிடாததால் ராத்திரி தின்போம். இந்தச் சக்கரத்தை எங்காவது ஓரிடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். ராத்திரியில் நிறுத்துவதைவிடக் காலையில் நிறுத்துவது பல மடங்கு சுலபம். முதல் நான்கு நாள் ஒரே ஒரு முட்டை, மெதுவாக, இருபது நிமிடம். ஐந்தாம் நாள் எனக்கு எட்டு மணிக்குத் தானாகப் பசித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு காலையில் நான் உணர்ந்த முதல் பசி அது.

தண்ணீரையும் பகலிலேயே முடியுங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டராவது, மடக்கு மடக்காக. சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பலருக்குத் தாகம்தான் பசி மாதிரித் தெரிகிறது.

படி 3: சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை

ஆபீஸ் முடிந்து வீடு வரும் நேரம் இது, பசியும் களைப்பும் ஒன்றாகச் சேரும். பேக்கரி வாசலைத் தாண்டும்போது கையில் சுண்டல் டப்பா இருந்தாக வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி இரண்டு மடங்காகத் தெரியும்.

படி 4: ராத்திரிச் சாப்பாடு, அதற்குப் பிறகு அடுப்படி மூடல்

ஏழரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பது நல்லது. சாப்பிட்டவுடன் படுத்தால் ஸ்லீவ் ஆனவர்களுக்கு அமிலம் மேலே ஏறும். நெஞ்சுக்குக் கீழே கிள்ளுவது மாதிரி இருக்கும். அதைப் பசி என்று நினைத்துப் பிஸ்கட் தின்றால் கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் மறுபடி வரும். நான் பல ராத்திரி இப்படி ஏமாந்திருக்கிறேன். தலைப்பக்கம் கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி இடதுபக்கமாகப் படுத்துப் பாருங்கள். எரிச்சல் தொடர்ந்தால் மாத்திரை தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

எட்டரைக்கு மேடையைத் துடைத்து, விளக்கை அணைத்து, பல் தேய்த்துவிடுங்கள். பல் தேய்த்த வாய்க்குக் காரசேவு ருசிக்காது.

படி 5: அந்தப் பதினைந்து நிமிடம்

இத்தனையும் செய்தும் ஒருநாள் பத்தரை மணிக்குக் கால் தானாகச் சமையலறைக்குப் போகும். அப்போது முதல் வேலை விளக்கைப் போடுவது. இருட்டில் எதையும் வாயில் வைப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்களிடமே கேளுங்கள்: இப்போது ஒரு வேகவைத்த முட்டை கொடுத்தால் தின்பேனா? தின்பேன் என்றால் அது நிஜப் பசி. அதற்குச் சாப்பிடத்தான் வேண்டும். தட்டில் வைத்து, உட்கார்ந்து, முட்டையையோ அரைக் கிண்ணம் கெட்டித் தயிரையோ நிதானமாகச் சாப்பிடுங்கள். இதைத் தோல்வியாக எழுதாதீர்கள். முட்டை வேண்டாம், காரசேவுதான் வேண்டும் என்றால் வயிறு கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் அலாரம் வைத்துவிட்டு வேறு அறைக்குப் போங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் செய்வது தசைப் பயிற்சி. படுத்துக்கொண்டு கால் விரல்களை ஐந்து விநாடி இறுக்கி விடுவது, அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், முகம். ராத்திரி சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மனநலச் சிகிச்சையிலேயே இதைச் சொல்லித்தருகிறார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம் நான் தோளுக்கு வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

தீனிக்குப் பதில் மதுவை எடுக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், பழக்கம் இடம் மாறிப் பிடித்துக்கொள்ளும்.

படி 6: வீட்டில் சொல்வது

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் டப்பா விஷயத்தைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குத் தெரியும் கண்ணு. காலைல டப்பா லேசா இருக்கும். கேட்டா நீ மனசு நொந்துக்குவியோன்னு கேக்கல” என்றார். “அம்மா, இனிமேல் ராத்திரி நான் அடுப்படியில நின்னா, ஏன்னு கேக்காதீங்க. பக்கத்துல வந்து உக்காருங்க, போதும்” என்றேன். அன்றிலிருந்து காரசேவு டப்பா அம்மா அறை அலமாரிக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கவில்லை. இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு.

வீட்டாரிடம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். ‘எனக்கு உதவி பண்ணுங்க’ என்றால் அவர்கள் காவல்காரர் ஆகிவிடுவார்கள். என்ன செய்ய வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்று இரண்டே விஷயம் சொல்லுங்கள்.

படி 7: சறுக்கிய ராத்திரிக்கு மறுநாள்

காலைச் சாப்பாட்டை வெட்டாதீர்கள். நேற்று ராத்திரி எவ்வளவு போயிருந்தாலும் எட்டு மணிக்கு முட்டை. ‘ஈடுகட்டப் பட்டினி’ என்று ஆரம்பித்தால் அன்று ராத்திரியும் அதே கதைதான். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது

ராத்திரி சாப்பிடுவது ஒரு நோயாகவும் இருக்கலாம். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-லேயே இதை விவரித்திருக்கிறார். நாளின் உணவில் கால் பங்கோ அதற்கு மேலோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போகிறது, அல்லது வாரத்தில் இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடுகிறீர்கள், சாப்பிட்டால்தான் தூக்கம் வரும் என்று தோன்றுகிறது; இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. காலையில் பாத்திரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டதே தெரிகிறது என்றால் அது வேறு பிரச்சினை. சில தூக்க மாத்திரைகளாலும் அப்படி வரும், மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

நடுக்கம், வியர்வையோடு பசி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அப்போதைக்குச் சர்க்கரையை ஏற்றிச் சரிசெய்துவிட்டு, எண்ணையும் நேரத்தையும் எழுதிவைத்து ஆபரேஷன் செய்த குழுவிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உடனே கேட்க வேண்டும், எடை குறைந்த பிறகு பழைய அளவு அதிகமாகிவிடும். குறட்டைக்காக மூச்சுக் கருவி வைத்திருந்து, இளைத்துவிட்டோம் என்று நீங்களாகவே நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மூச்சடைத்து எழுவதும் ராத்திரித் தீனிக்கு ஒரு காரணம். வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்கவில்லை என்றால் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடர் வாந்தியால் வைட்டமின் பி1 குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கும்.

மனசு தாங்கவில்லை, நேரில் போய்ச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது அந்த ஏழு நாள் நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நான் டயட்டீஷியன் முன்னால் உட்கார்ந்தபோது வாயே வரவில்லை. நோட்டை மேஜைமேல் வைத்து அவர் பக்கமாகத் தள்ளினேன். அவர் ஏழு பக்கத்தையும் படித்துவிட்டு, “காலைல முட்டை சாப்பிடுவீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார்.