ஐரோப்பாவுக்கு அனுப்பும் மின்கருவியின் ஸ்டாண்ட்பை மின்செலவை அளப்பது எப்படி?

சிங்கப்பூரில் கருவியை வடிவமைத்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க விரும்பும் சிறு நிறுவனங்களுக்காகவும் பொறியியல் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி மின்னதிர்ச்சி, தீ ஆகிய ஆபத்துகளைப் பற்றியது. கருவி சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் எரிசக்தி முத்திரையும் குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம் போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கே உரியது. ஆகவே இந்த ஸ்டாண்ட்பை மின்செலவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள விதியைத் தனி வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: கருவியின் நிலைகளைப் பட்டியலிடுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு வைஃபை ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். சுவிட்சை அணைத்த பின்னும் பிளக் மின்னிணைப்பில் இருப்பது ஒரு நிலை; ரிமோட்டுக்காகக் காத்திருப்பது இன்னொரு நிலை; வைஃபை வழியாக அழைப்பு வரும் என்று காத்திருப்பது மூன்றாவது நிலை. 2025 மே 9 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/826 விதிமுறையின்படி, அணைத்த நிலைக்கும் சாதாரணக் காத்திருப்புக்கும் உச்சவரம்பு 0.5 வாட், காத்திருக்கும்போது நிலையைக் காட்டும் திரை எரிந்தால் 0.8 வாட், இதுபோன்ற கருவி வலையமைப்பில் காத்திருக்கும்போது 2 வாட். அணைத்த நிலையின் வரம்பு 2027 மே 9 அன்று 0.3 வாட்டாகக் குறையும் என்பதால், இப்போது வடிவமைப்பவர்கள் அந்த எண்ணையே இலக்காக வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை.

இரண்டாம் படி: அளக்கும் இடம். நம் மின்சாரமும் ஐரோப்பாவின் மின்சாரமும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால், முதற்கட்டச் சோதனைக்கு மின்மாற்றி தேவையில்லை. வெப்பநிலைதான் கவனிக்க வேண்டியது. ஸ்டாண்ட்பை மின்செலவை அளக்கும் முறையைச் சொல்லும் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62301 தரநிலை 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை கேட்கிறது. நம் வீட்டுத் தாழ்வாரம் அதற்கு ஒத்துவராது. குளிர்சாதன அறைக்குள் அளக்கலாம், ஆனால் குளிர்காற்று கருவியின்மீது நேரே வீசக்கூடாது, ஏனெனில் காற்றின் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் படியில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. கடையில் கிடைக்கும் மலிவான பிளக் மீட்டர் அரை வாட்டை நம்பகமாகக் காட்டாது, 0.01 வாட் வரை பிரித்துக் காட்டும் பவர் மீட்டர் வேண்டும். அதை இணைக்கும் முறையும் முக்கியம். மீட்டரின் மின்னழுத்த உள்ளீட்டின் மின்தடை 2 மெகாஓம் என்றால், அந்த உள்ளீடு மட்டுமே சுமார் 0.026 வாட்டை விழுங்கும், ஆனால் 1 வாட்டுக்குக் கீழே தரநிலை அனுமதிக்கும் அளவீட்டு ஐயம் (அளவு எவ்வளவு பிசகலாம் என்பது) 0.02 வாட்தான். எனவே மின்னழுத்தக் கம்பிகளைக் கருவியின் பக்கம் இணைக்காமல், மின்சாரம் வரும் பக்கம் இணையுங்கள். அப்போது மீட்டர் தனக்கான மின்செலவைக் கருவியின் கணக்கில் சேர்க்காது.

இணைத்த பின் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். முதல் மூன்றில் ஒரு பகுதியை விட்டுவிட்டு, மீதமுள்ள தரவில் அளவு நிலைபெற்றிருக்கிறதா என்று பாருங்கள். 1 வாட்டுக்குட்பட்ட கருவியில் அளவு ஏறும் அல்லது இறங்கும் வேகம் (சாய்வு) மணிக்கு 10 மில்லிவாட்டுக்குக் குறைவாக இருந்தால், சராசரியை ஏற்றுக்கொள்ளலாம். அவ்வப்போது விழித்தெழுந்து சர்வரைத் தொடர்புகொள்ளும் கருவிகளுக்கு 15 நிமிடம் போதாது. பல சுழற்சிகளை அளவிட வேண்டும்.

வரம்பை மீறினால், முதலில் மின்வழங்கியின் உள்ளீட்டுப் பகுதியைப் பாருங்கள். வடிகட்டி மின்தேக்கியில் தேங்கும் மின்னூட்டத்தை வடிக்க வைத்த 1 மெகாஓம் மின்தடை எந்நேரமும் சுமார் 0.05 வாட் இழுக்கும், 0.3 வாட் இலக்கில் அது ஆறில் ஒரு பங்கு. ஆனால் அது பயனரின் பாதுகாப்புக்காக இருப்பது என்பதால் அகற்றிவிடக் கூடாது. அதற்குப் பதிலாக, பிளக்கைக் கழற்றும்போது மட்டும் மின்தேக்கியை வடிக்கும் சில்லுகளைத் தேர்ந்தெடுங்கள்.

கண்காணிப்பு அதிகாரிகளின் சோதனைக்கு விதிமுறை தரும் சலுகை விளிம்பு (வரம்பை எவ்வளவு தாண்டினாலும் ஏற்கலாம் என்ற அளவு) உற்பத்தியாளருக்கு உரியதல்ல. நீங்கள் அறிவிக்கும் எண் வரம்புக்குள்ளேயே இருக்க வேண்டும். சோதனை அறிக்கையில் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். பயனரின் வெளிப்படையான முன் ஒப்புதல் இல்லாமல் பிற்காலப் புதுப்பிப்பு மின்செலவைக் கூட்டினால் அதுவும் விதிமீறலாகும்.