சக்கரத்துக்குப் பின்னால் சக்கரம்: சைக்கிள்காரருக்குச் சைக்கிள்காரர் கொடுக்கும் தொல்லைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்குத் சென்னை திருவான்மியூரில் நின்று தெற்கே பார்த்தால் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கச் சைக்கிள் பின்விளக்குகளின் சிவப்புப் புள்ளிகள். பாலவாக்கம், நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளிகளில் ஒரு பங்கு, சைக்கிள் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்து அடிபட்ட அதே தவறுகளை இவர்கள் அதே வரிசையில் செய்கிறார்கள்.

ஹெல்மெட் போடுங்கள், டயரில் காற்று பாருங்கள் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லியிருப்பார். பஸ், வேன், ஆட்டோ பற்றிய புலம்பலும் இங்கே இல்லை. அதைப் புலம்ப எல்லோருக்கும் தெரியும். சைக்கிள்காரர் இன்னொரு சைக்கிள்காரருக்குச் செய்வதை மட்டும் பார்ப்போம்.

எதிர்த்திசையில் வருவது

வேண்டாம். யூ-டர்ன் 800 மீட்டர் தள்ளி இருந்தாலும் வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

சொல்லாமல் ஒட்டிக்கொள்வது, சக்கரத்தோடு சக்கரம் ஏற்றுவது

இந்தப் பட்டியலில் எலும்பை முறிப்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் வேறொருவர் செய்வதும் இதுதான்.

வழக்கமாக நடப்பது இப்படி. ஒருவர் தனியாக 28 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். பின்னாலிருந்து ஒரு புதியவர் மூச்சைப் பிடித்து மிதித்து வந்து அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துகொள்வார். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கப் பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் நாலில் ஒரு பங்காவது மிச்சம். திடீரென்று கால் லேசாகிவிடும். அந்தச் சுகத்தில் ஒன்றை மறந்துவிடுகிறார்: முன்னால் இருப்பவருக்கு இவர் இருப்பதே தெரியாது.

தெரியாதவர் என்ன செய்வார்? தனியாகப் போகிறவர் செய்வதையெல்லாம் செய்வார். குழியைக் கண்டால் சட்டென ஒதுங்குவார். நாய் குறுக்கே வந்தால் பிரேக் பிடிப்பார். இடுப்பு வலித்தால் எழுந்து நின்று மிதிப்பார். கடைசியாகச் சொன்னது ஆபத்தில்லாதது போலத் தோன்றும். ஆனால் சீட்டிலிருந்து எழும் அந்தக் கணத்தில் மிதி தளர்ந்து, சைக்கிள் ஒரு சாண் அளவுக்குப் பின்னால் வரும். நீங்கள் ஒரு சாண் இடைவெளியில் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

30 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரை மீட்டர் தூரத்தைக் கடக்க நொடியில் பதினாறில் ஒரு பங்கு போதும். அதற்குள் விரல் பிரேக்கைத் தொட்டுக்கூட இருக்காது.

நேர் பின்னால் ஒட்டுவதைவிட மோசமானது, முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைப்பது. ஓவர்லாப் என்பார்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். அவர் இடது பக்கம் ஒரு கை அகலம் ஒதுங்குகிறார். அவருடைய டயர் உங்கள் சக்கரத்தின் முன்பகுதியில் உரசி, ஹேண்டில் இடது பக்கம் திரும்பிவிடும். சைக்கிள் இடது பக்கம் ஓட, உடம்பு வலது பக்கம் சாயும். வலது பக்கம் சாய்பவர் நிமிர வேண்டுமானால் ஹேண்டிலை வலது பக்கம் திருப்ப வேண்டும். அங்கேதான் முன்னால் போகிறவருடைய சக்கரம் இருக்கிறதே. திருப்ப வழியில்லை. அதனால்தான் இந்த மோதலில் முன்னால் போனவர் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் போய்விடுகிறார். பின்னால் வந்தவர் தரையில் கிடக்கிறார். கையை ஊன்றி விழுவதால் காறையெலும்பு போகும், ஆறு முதல் எட்டு வாரம் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும். கியர் மாற்றும் பின் டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் வளைந்தால், அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு மாதிரி. வரவழைத்துதான் மாற்ற வேண்டும்.

ஈசிஆரில் இதற்குக் காற்றும் துணை போகிறது. காற்று நேர் எதிரே வந்தால் மறைவு நேர் பின்னால் கிடைக்கும். பக்கவாட்டில் வந்தால் மறைவு மூலைவாட்டில் விலகும். ஜூன், ஜூலை காலைகளில் மேற்கு, தென்மேற்குக் காற்று. மாமல்லபுரம் நோக்கிப் போகிறவருக்கு அது வலது முன்பக்கத்திலிருந்து அடிக்கும். மறைவு இடது பின்பக்கம். டிசம்பரில் வடகிழக்குக் காற்று. திரும்பி வடக்கே வருகிறவருக்கு அதுவும் வலது முன்பக்கம்தான். மறைவு மறுபடியும் இடது பின்பக்கம். ஆக இரண்டு பருவத்திலும், கால் களைத்து மறைவைத் தேடும் நேரத்தில், காற்றே உங்களை இடப்பக்கம் ஓவர்லாப்புக்கு இழுக்கிறது. அங்கே சாலையோரத்தில் மணல். மேலே சொன்ன கணக்குப்படி இடப்பக்கம் உரசினால் உடம்பு விழுவது வலப்பக்கம், அதாவது வேன் வரும் பக்கம். இதைத் தெரிந்துகொண்டு அப்புறம் யாராவது அங்கே போய் உட்காருவார்களா? உட்காருகிறார்கள்.

சரியாகச் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில் கேளுங்கள். "அண்ணா, பின்னாடி வரட்டா?" மூன்று சொல். பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள், அன்றிலிருந்து குழிக்குக் கையும் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் தள்ளிப் போங்கள். அவர் தனியாகப் போகத்தான் அந்த நேரத்தில் எழுந்து வந்திருக்கலாம்.

முதல் சில மாதங்களுக்கு இரண்டு சைக்கிள் நீளம் விடுங்கள்; மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தூரத்திலும் மறைவு கிடைக்கும். பழகிய பிறகு ஒரு சைக்கிள் நீளம். அதற்கும் நெருக்கமாக வருவது, பலமுறை சேர்ந்து ஓட்டியவர்களுக்கு இடையே மட்டும்.

அவருடைய டயரையே வெறிக்காதீர்கள். தோளைப் பாருங்கள், தோளைத் தாண்டி சாலையைப் பாருங்கள். தோள் இறுகினால் பிரேக் வரப்போகிறது. விரல்கள் பிரேக் லீவர் மேலேயே இருக்கட்டும். டிரையத்லான் ஹேண்டிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இன்னொருவர் பின்னால் போகவே கூடாது, அங்கிருந்து பிரேக் எட்டாது.

இடைவெளி குறைகிறதென்றால் உடனே பிரேக் பிடிக்காதீர்கள். உங்கள் பின்னால் இருப்பவருக்கு அது இரட்டிப்பாகப் போய்ச் சேரும், நாலாவது ஆளுக்கு அதுவே அவசர பிரேக். மிதிப்பதை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் குறையுங்கள். போதவில்லை என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் படும் காற்றே வேகத்தைக் குறைத்துவிடும்.

ஒருவேளை சக்கரம் உரசிவிட்டால் உதறி விலகாதீர்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். அவர் பக்கமாகவே லேசாகச் சாய்ந்து, ஹேண்டிலை நேராக வைத்து, மிதிப்பதை நிறுத்தினால் சில நேரம் தப்பலாம். சில நேரம்தான்.

முன்னால் போகிறவருக்கும் ஒரு வார்த்தை. பின்னால் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு எழுந்து நின்று மிதிப்பதற்கு முன் "எழுறேன்" என்று சொல்லுங்கள். ஒரு கியர் கடினமாக்கி, மிதி கீழே இறங்கும்போது எழுந்தால் சைக்கிள் பின்னால் வராது. குழியைத் தாண்டிக் குதித்துவிட்டு "ஹோல்" என்று கத்துவதில் யாருக்கும் பயனில்லை. 30 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி முன்பே, 25 மீட்டர் இருக்கும்போதே சொல்ல வேண்டும். வெள்ளைக்கோடு அழிந்த ஸ்பீடு பிரேக்கருக்கு அதைவிட முன்பே. சொன்னது காதில் விழுந்தவர் அதைப் பின்னால் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், தான் தப்பித்தால் போதும் என்று இருக்கக் கூடாது.

முன்னால் வந்ததும் பாய்வது

காற்றைக் கிழிக்க முறைவைத்துப் போகும் வரிசையில் உங்கள் முறை வந்து முன்னால் போகிறீர்கள். காற்று முகத்தில் அடிக்கிறது, காட்டிக்கொள்ளவும் ஆசை. வேகம் 27-லிருந்து 32-க்குப் போகிறது. பின்னால் வரிசை அறுந்து, கடைசி இருவர் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். சைக்கிளின் வேகம் காட்டும் கம்ப்யூட்டரைப் பாருங்கள்: 27-இல் வாங்கினால் 27-இல் ஓட்டுங்கள். முடியவில்லை என்றால் ஒரு நிமிடத்திலேயே விலகுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் விலகுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். விலகும் முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இடியாப்பக்காரரின் காதோரம் உரசிப் போவது

அந்த நேரத்தில் சாலையில் முதல் சைக்கிள்காரர் நீங்கள் இல்லை. பேப்பர் போடும் பையன், இடியாப்பக் கூடைக்காரர், டீ கேன் கட்டியவர், இரவு வேலை முடித்து வீட்டுக்குத் திரும்பும் வாட்ச்மேன், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு போகும் கொத்தனார் எல்லோரும் உங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். பலருடைய சைக்கிளில் விளக்கு இருக்காது. அதற்காக அவர்களை "வழி விடுயா" என்று அதட்டும் உரிமை, லட்ச ரூபாய் சைக்கிளோடு சேர்ந்து வரவில்லை.

20 லிட்டர் கேன் ஒன்றே 20 கிலோ. கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கினால் சைக்கிள் தானாகவே ஆடும். அவரால் கோடு போட்டதுபோல ஓட்ட முடியாது. அவர் 12-இல் போகிறார், நீங்கள் 30-இல் வருகிறீர்கள். வித்தியாசம் நொடிக்கு 5 மீட்டர். 15 மீட்டர் முன்பே மணி அடித்தால் அவருக்கு மூன்று நொடி கிடைக்கும். தோளுக்குப் பக்கத்தில் வந்து அடித்தால் திடுக்கிட்டு உங்கள் பக்கமே திரும்புவார். வலப்பக்கம், ஒரு மீட்டராவது விட்டு, மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக் கடந்து போங்கள். இடப்பக்கம் நுழைந்து போவது அறவே கூடாது, பேப்பர்காரர் இடப்பக்கம்தான் ஒதுங்கி நிற்பார்.

மணி வைத்தால் சைக்கிளின் அழகு கெட்டுவிடுமாம். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் போடும் கடகட சத்தமே போதுமாம். போதாது.

இயர்போன்

இரண்டு காதிலும் வேண்டாம். ஒரு காதிலும் வேண்டாம்.

கண்ணைக் குத்தும் விளக்கு

ஜூனில் 5:45-ஐ ஒட்டியும், ஜனவரியில் 6:35-ஐ ஒட்டியும்தான் சூரியன் எழுகிறது. 5 மணிக்குக் கிளம்புகிறவருக்கு வருடம் முழுக்க இருட்டுதான், விளக்கு வேண்டும். ஆனால் சிமிட்டும் முன்விளக்கை எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராக வைத்தால், அவருக்குக் குழியும் தெரியாது, நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. வீட்டிலேயே சரிபார்க்கலாம்: சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். ஒளியின் நடுப்பகுதி சுவரில் முழங்கால் உயரத்தில் விழ வேண்டும். சாலையில் அது சுமார் 10 மீட்டர் முன்னால் விழும். சிமிட்டாமல் நிலையாக எரியட்டும்.

கூட்டமாகப் போகும்போது பின்விளக்கு சிமிட்டுவது கடைசி ஆளுக்கு மட்டும். மற்றவர்கள் மங்கலாக, நிலையாக.

மூக்குச் சிந்துவது, துப்புவது

வரிசையின் கடைசிக்குப் போய், காற்று போகும் பக்கமாக. இதற்கு மேல் விளக்கினால் காலை டிபன் இறங்காது.

சிக்னலில் முன்னே போய் நிற்பது

உங்களைவிட வேகமாக ஓட்டும் ஒருவர் பாதி கிலோமீட்டர் முன்பு உங்களைக் கடந்து போனார். இப்போது சிவப்பில் நிற்கிறார். நீங்கள் ஊர்ந்து போய் அவருக்கு முன்னால் நிற்கிறீர்கள். பச்சை விழுந்ததும் ஷூவின் அடியில் உள்ள க்ளீட்டை மிதியில் மாட்டத் தடுமாறுகிறீர்கள். அவர் உங்களைச் சுற்றிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே போக வேண்டும். அடுத்த சிக்னலிலும் இதே. பின்னால் நில்லுங்கள். காலை 5 மணி, யாரும் இல்லை என்று சிவப்பைத் தாண்டுவது பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

டீக்கடை வாசலில் சாலையை அடைப்பது

கோவளம் பக்கம் நிற்கிறீர்களா? தார்ச் சாலையைவிட்டு இறங்கி நில்லுங்கள், சைக்கிளும் சேர்த்து. நிறுத்தும் முன் கையைக் கீழே காட்டி "ஸ்லோ" சொல்லுங்கள். எனர்ஜி ஜெல் கவர், கிழிந்த ட்யூப் எல்லாம் ஜெர்சிப் பையில் வீட்டுக்கு வரட்டும்.

அடுத்தவர் ட்யூபை நம்பிக் கிளம்புவது

சீட் பையில் வேண்டியவை: ட்யூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, சின்ன பம்ப், ஒட்டுப் பொட்டலம். ட்யூபின் அளவை டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 700×28 டயருக்கு 26 அங்குல ட்யூப் வாங்கி வந்து முழிப்பவர்கள் உண்டு. வால்வு நீளத்தையும் பாருங்கள். ரிம் உயரமாக இருந்தால் 48 மி.மீ. வால்வு வெளியே தலைகாட்டாது, பம்ப் கவ்வாது. 60 அல்லது 80 வேண்டும். பஞ்சரானதும் புது ட்யூபைப் போடும் முன் டயரின் உள்பக்கம் விரலால் தடவி முள்ளையோ கம்பித் துணுக்கையோ எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கிலோமீட்டரிலேயே எட்டுப் பேர் மறுபடியும் உங்களுக்காக வெயிலில் நிற்பார்கள்.

கடன் வாங்கியிருந்தால் அடுத்த வாரமே அதே அளவில் புதியதாகத் திருப்பிக் கொடுங்கள். ஒட்டுப் போட்டதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.