டார்க்ரூம் போன பிறகு: டிஜிட்டல் எக்ஸ்ரே அறையில் எதைக் கவனிக்க வேண்டும்

பிலிம் கழுவும் டெவலப்பர், பிக்ஸர் வேலை ஒழிந்தது பெரிய நிம்மதிதான். ஆனால் பிலிம் தானே காட்டிக்கொடுத்த பிழைகளை இனி நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் பெயர். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைப்பது வழக்கம். லெட்சுமணன் மகன் கதிரேசன், அவர் மகன் லெட்சுமணன், அவர் மகன் மறுபடி கதிரேசன். ஐயாவும் பேரனும் இருவருமே 'லெ. கதிரேசன்'! வொர்க்லிஸ்டில் (படம் எடுக்க வேண்டியவர்களின் திரைப் பட்டியலில்) பெயரை மட்டும் பார்த்துத் தொட்டால் பேரன் நெஞ்சுப் படம் ஐயா கணக்கில் ஏறிவிடும். "உங்க பேர் கதிரேசனா?" என்று கேட்காதீர்கள், காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். "பேரும் வயசும் சொல்லுங்க ஐயா" என்று கேட்டு, மருத்துவமனை எண்ணோடு ஒப்பிடுங்கள். அவசரத்தில் பெயரைக் கையால் அடிக்காதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு உருவாகி, பழைய படம் ஒப்பிடக் கிடைக்காமல் போகும். படம் மாறிப் போய்விட்டால் முதல் வேலை, வார்டு டாக்டருக்குப் போன் செய்வது. சில நிமிடங்களில் அவர் திரையில் அது வந்திருக்கும். கணக்கைத் திருத்துவது அடுத்து.

இரண்டாவது, கதிர் அளவு. கூடினால் பிலிம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். கணினி இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் காட்டிவிடும். குறைந்தது மட்டும் மணல் தூவியதுபோல் தெரியும். கூடினதோ அழகாகவே இருக்கும். யாரும் குறை சொல்லாததால் எம்ஏஎஸ் (கருவியில் நாம் வைக்கும் கதிர் அளவு) மாதத்துக்கு மாதம் ஏறும், நோயாளிதான் அதைச் சுமப்பார். ஒவ்வொரு படத்திலும் டிஐ எண்ணை (கதிர் சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டுவது) பாருங்கள்: 0 சரி, +1 சுமார் 26 சதவீதம் கூடுதல், +3 இரு மடங்கு, −3 பாதி. அது டிடெக்டருக்கு (கதிரை வாங்கிப் படமாக்கும் பலகைக்கு) வந்த அளவுதான், நோயாளி உடல் ஏற்றது அல்ல. உடலில் உலோகத் தகடு இருந்தாலோ, கதிர் விழும் கட்டத்தின் ஓரத்தைக் கணினி தவறாகப் பிடித்தாலோ எண் ஏமாற்றும். படம் படிக்கும்படி இருந்தால், எண் கூடியதற்காக மறுபடி எடுக்காதீர்கள். அதே உறுப்புக்கு நாள்தோறும் +2 வந்தால் சுவரில் ஒட்டிய அளவு அட்டவணையை மாற்றுங்கள்.

எடுத்த பிறகு திரையில் வெட்டிக்கொள்ளலாம் என்று கட்டத்தை அகலமாகத் திறக்காதீர்கள். வெட்டிய பகுதியிலும் கதிர் பாய்ந்தாயிற்று. இடம் வலம் காட்டும் ஈய எழுத்தையும் எடுக்கும்போதே வையுங்கள்.

சிஆர் கேசட் (பிலிமுக்குப் பதில் கதிரைப் பதியும் தட்டு உள்ள பெட்டி) ஒரு நாள் சும்மா கிடந்திருந்தால் அதிலுள்ள பதிவை அழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இயற்கைக் கதிரும் சிதறிய கதிரும் அதில் படிந்திருக்கும். எடுத்த கேசட்டை உடனே ரீடரில் (பதிவைப் படிக்கும் கருவியில்) போடுங்கள். 8 மணி நேரத்தில் பதிவில் சுமார் கால் பங்கு மங்கும். எல்லாப் படத்திலும் நீள வெள்ளைக் கோடு விழுந்தால் ரீடருக்குள் தூசி, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஒரே கேசட்டில் மட்டும் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் தட்டில் அழுக்கு.

மதுரைக்கு அனுப்பும் நோயாளியிடம் சிடி கொடுக்கும் முன் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.