சிவிலைசேஷன் கேம்களை ஒன்னோட ஒன்னு ஒப்பிடும்போது பண்ணக் கூடாத தப்புகள்

ஒரு நாட்டை ஆதிகாலத்துல இருந்து டர்ன் டர்னா (முறை முறையா) ஆடி வளர்க்கற கம்ப்யூட்டர் கேம்தான் சிவிலைசேஷன், சுருக்கமா சிவ். இந்த சீரிஸ் 1991-ல ஆரம்பிச்சது, 2025 பிப்ரவரில ஏழாவது கேமும் வந்தாச்சு. இவ்ளோ வருஷம் ஓடுன சீரிஸ்ல எது பெஸ்ட்னு சண்டை வராம இருக்காது, வரட்டும், நல்ல சண்டைதான் அது. ஆனா ஒப்பிடற விதத்துலயே நிறைய பேர் சறுக்கிடறாங்க, அதைப் படிச்சிட்டு புதுசா வர்றவங்க தனக்கு ஒத்து வராத கேமை வாங்கிடறாங்க, இல்லன்னா உயிரா பிடிச்சிருக்கக்கூடிய ஒரு கேமை தொட்டுக்கூட பாக்காம விட்டுடறாங்க. அதுதான் எனக்கு வருத்தம்.

முதல் தப்பு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தெரிஞ்சும் பண்றோம். எக்ஸ்பான்ஷன் (பின்னாடி தனியா வர்ற கூடுதல் பகுதி) எல்லாம் சேர்ந்து முழுசான பழைய கேமையும் ரிலீஸ் அன்னைக்கு வந்த புது கேமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது. இன்னைக்கு சிவ் 5-னு சொன்னா எல்லார் மனசுலயும் வர்றது 2013-ல வந்த பிரேவ் நியூ வேர்ல்டு வரைக்கும் சேர்ந்த கேம். 2010-ல அது வந்தப்போ மதமே கிடையாது, உளவு கிடையாது, ரெண்டும் 2012-ல காட்ஸ் அண்ட் கிங்ஸ்ல தான் வந்துச்சு, டிரேட் ரூட், டூரிசம், ஐடியாலஜி எல்லாம் அதுக்கும் அடுத்த வருஷம். அப்போ சிவ் 4 ஆடிட்டிருந்தவங்க "மதம் எங்கப்பா, பாதி கேமை காணோமே"ன்னு கேட்டாங்க, கேட்டது நியாயம்தான், ஏன்னா 2005-ல சிவ் 4 வந்தப்பவே அதுல மதம் இருந்துச்சு. இப்போ அதே மாதிரி சிவ் 7 மேல புகார். கேம் முடிஞ்சப்புறமும் தொடர்ந்து ஆடற ஆப்ஷன் இந்த சீரிஸோட அடையாளம், அதுவே ரிலீஸ்ல இல்ல, அப்புறம் பேட்ச்ல தான் குடுத்தாங்க. புகார் சொல்றது தப்பில்ல, காசு குடுத்து வாங்கறவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஆனா ஒப்பிடணும்னா ரிலீஸ் நாளை ரிலீஸ் நாளோட வைங்க, இல்ல முழுசை முழுசோட வைங்க, கலந்து வச்சா எப்பவும் பழசுதான் ஜெயிக்கும்.

அடுத்தது தான் இருக்கறதுலயே பெரிய தப்புன்னு நான் நினைக்கறேன், இதை யாரும் அவ்வளவா பேசறதும் இல்ல. ஒரு சிவ் கேம்ல பழகின கையோட அடுத்த சிவ்வை ஆடிட்டு "இது போர்"னு தீர்ப்பு எழுதறது. பாக்க எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், செட்லர் (புது ஊர் அமைக்கற யூனிட்) வச்சு ஆரம்பிக்கறோம், ஊர் போடறோம், டெக் ட்ரீல (ஒவ்வொன்னா கண்டுபிடிக்கற தொழில்நுட்ப வரிசைல) ஏறறோம். ஆனா நிறைய ஊர் போட்டா என்ன ஆகும்ங்கற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு கேமும் சொல்ற பதில் வேற. முதல் ரெண்டு கேம்ல பெருசா தடையே கிடையாது, இடம் இருக்கற வரைக்கும் ஊரை நெருக்கி நெருக்கி போட்டுட்டே போகலாம். 2001-ல வந்த சிவ் 3 கரப்ஷனை வச்சு அடிச்சுச்சு, தலைநகரத்துல இருந்து தூரமா போக போக, ஊர் எண்ணிக்கை கூட கூட அந்த ஊரோட வருமானம், உற்பத்தி எல்லாம் கரைஞ்சு போயிடும். சிவ் 4-ல ஊருக்கு மெயின்டனன்ஸ் செலவு, அவசரப்பட்டு ஆறேழு ஊர் போட்டா தங்கம் மைனஸ்ல போகும், சயின்ஸ் ஸ்லைடரை (ஆராய்ச்சிக்கு ஒதுக்கற பங்கை) இறக்கித்தான் ஆகணும், காட்டேஜ் (ஊரைச் சுத்தி போடற, போகப் போக வருமானம் கூடற குடியிருப்பு) எல்லாம் வளந்து பெருசாகற வரைக்கும் மூச்சு முட்டும், அதுக்கப்புறம் பாருங்க அதே ஊர்கள் சோறு போடும். அந்த மூச்சு முட்டல் தான் சிவ் 4-ஓட ருசியே.

சிவ் 5-ல நாட்டுக்கே சேர்த்து ஒரே ஹேப்பினஸ் கணக்கு. ஒவ்வொரு புது ஊருக்கும் 3 போகும், ஒவ்வொரு ஆளுக்கும் 1 போகும், ஒரு லக்சுரி (பட்டு மாதிரி ஆடம்பரப் பொருள்) கிடைச்சா 4 வரும். பிரேவ் நியூ வேர்ல்டுக்கு அப்புறம் ஸ்டாண்டர்ட் சைஸ் மேப்ல ஒவ்வொரு கூடுதல் ஊருக்கும் டெக் விலை 5 சதவீதம் ஏறும். அதனாலதான் டிரடிஷன்ங்கற பாலிசியை எடுத்து நாலு ஊர் போட்டு உக்காந்துட்டா போதும்ங்கற பழக்கம் எல்லாருக்கும் வந்துச்சு. இப்போ இதே ஆள் சிவ் 6-க்கு வர்றாரு, நாலு ஊர் போடறாரு, வொண்டர் (உலக அதிசயம்) கட்டிட்டே இருக்காரு, 150 டர்ன் கழிச்சு சயின்ஸ்ல ரொம்ப பின்னாடி நிக்கறாரு, "கேம் நகரவே மாட்டேங்குது"ன்னு மூடிடறாரு. சிவ் 6-ல டிஸ்ட்ரிக்ட் (ஊருக்கு வெளிய தனி டைல்ல கட்டற சிறப்புப் பகுதி) தான் எல்லாமே. ஒரு ஊர்ல ஜனத்தொகை 1, 4, 7-னு ஏறும்போதுதான் அடுத்த டிஸ்ட்ரிக்டுக்கு இடம் திறக்கும், அதனால பத்து சின்ன ஊர்ல பத்து கேம்பஸ், அதாவது சயின்ஸுக்கான டிஸ்ட்ரிக்ட்ங்கறது நாலு பெரிய ஊரை சுலபமா தூக்கி சாப்பிட்டுடும். அமெனிட்டியும் (சிவ் 6-ல ஜனங்க சந்தோஷத்தோட கணக்கு) ஊர் ஊரா கணக்கு, ஒரு லக்சுரி நாலு ஊருக்குத்தான் போகும், ஆனா சிவ் 5 மாதிரி மொத்த நாட்டையும் ஒரேயடியா கழுத்தைப் பிடிக்காது. அந்தக் கேம் பரவச் சொல்லுது, அதுல சுருங்கி உக்காந்துட்டு அதைக் குறை சொல்றது அதுக்கு செய்யற அநியாயம்.

சிவ் 7 இன்னும் வேற. செட்டில்மென்ட் லிமிட்னு வெளிப்படையா ஒரு நம்பரே குடுத்துடறாங்க, தாண்டினா எல்லா ஊர்லயும் ஹேப்பினஸ் விழும், தாண்டவே முடியாதுன்னு இல்ல, கணக்கு போட்டு தாண்டலாம். போட்ட ஊர் எல்லாம் டவுனா ஆரம்பிக்கும், எதை சிட்டியா மாத்தறதுங்கறது உங்க முடிவு, ஒரு ஏஜ் (கேமைப் பிரிச்சிருக்கற காலகட்டம்) முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கும்போது பொதுவா தலைநகரம் தவிர மத்த சிட்டி எல்லாம் திரும்ப டவுனாயிடும். பழைய சிவ் பழக்கத்துல கடைசி நேரம் வரைக்கும் எல்லாத்தையும் கட்டிட்டு இருந்தா வயிறு எரியத்தான் செய்யும். ஏஜ் முடியப் போகுதுன்னா எதை விடணும், கமாண்டருக்குள்ள (படைகளைச் சேர்த்து வச்சுக்கற தளபதி யூனிட்) எந்தெந்த படையை பத்திரப்படுத்தணும்னு யோசிச்சு ஆடணும். அப்படி ஆடியும் பிடிக்கலன்னா சரி, அது நேர்மையான கருத்து, அதுல தப்பே இல்ல. (ஏஜ் மாறும்போது நாட்டையே மாத்தற விஷயத்தை சிவ் 7 தான் கண்டுபிடிச்சதுன்னும் எழுதறாங்க, 2021-லயே ஹியூமன்கைண்ட்ங்கற வேற கேம் அதை பண்ணிடுச்சு.)

டிஃபிகல்டி பேரை வச்சு ஒப்பிடறதையும் நிறுத்தணும். "நான் பிரின்ஸ்ல சிவ் 4 தோத்துட்டேன், சிவ் 6 பிரின்ஸ்ல ஈசியா ஜெயிச்சேன், அப்போ சிவ் 6 ஈசி"ன்னு சொல்லுவாங்க. சிவ் 4-ல சம பலம்னு வச்சுக்கற லெவல் நோபிள், பிரின்ஸ் அதுக்கு ஒரு படி மேல. சிவ் 5, 6-ல பிரின்ஸ் தான் சம லெவல். சிவ் 7-ல பிரின்ஸ்ங்கற பேரே இல்ல. பேர் ஒன்னா இருந்தாலும் உள்ள இருக்கறது வேற, இருக்கறதுலயே கஷ்டமான லெவலான டெயிட்டிய எடுத்துக்கோங்க, சிவ் 5-ல ஏஐ (கம்ப்யூட்டர் ஆடற எதிரி) ரெண்டு செட்லரோட இறங்கும், சிவ் 6-ல மூனு. ஸ்பீடும் அப்படித்தான், ஒருத்தர் ஆன்லைன் ஸ்பீட்ல 250 டர்ன் ஆடறாரு, இன்னொருத்தர் மராத்தான்ல 1500 டர்ன், ரெண்டு பேரும் சண்டை சீக்கிரம் முடிஞ்சிடுது, முடியவே மாட்டேங்குதுன்னு வாதாடறாங்க. என்ன ஸ்பீடு, என்ன மேப்னு முதல்ல கேளுங்க.

ஏஐ பத்தி. சிவ் 4 ஏஐ புத்திசாலி, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் முட்டாள்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. இதுல உண்மை இல்லாம இல்ல, ஆனா காரணத்தையும் சேர்த்து சொல்லணும். சிவ் 4-ல ஒரே டைல்ல (மேப்ல ஒரு கட்டம்) இருபது யூனிட்டை அடுக்கி ஒரு பெரிய ஸ்டாக்கா நகத்தலாம், கம்ப்யூட்டருக்கு அது சுலபம். சிவ் 5-ல அறுகோண டைல் வந்துச்சு, ஒரு டைலுக்கு ஒரு படைன்னு விதி வந்துச்சு, இப்போ வில்லாளியை பின்னாடி வைக்கணும், மலை இடுக்குல யார் முதல்ல போறதுன்னு பாக்கணும், காயம்பட்டதை பின்வாங்கி வேற ஒன்னை முன்னாடி கொண்டு வரணும், மனுஷன் இதை ரசிச்சு பண்ணுவான், ஏஐ தடுமாறும். அதாவது சண்டை நமக்கு சுவாரஸ்யமாச்சு, எதிரி பலவீனமாச்சு, ரெண்டும் ஒரே முடிவுல இருந்து வந்தது. உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்.

கிராபிக்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, சிவ் 6 கார்ட்டூன் மாதிரி இருக்குன்னு வாங்காம விட்டவங்க ரெண்டு மணி நேரம் ஆடிப் பாத்தா அதை மறந்தே போயிடுவாங்க.

கட்டுக்கதையை ஆதாரமா வைக்கறது இன்னொன்னு. முதல் கேம்ல காந்தியோட ஆக்ரோஷம் 1, டெமாக்ரசி வந்தா 2 குறையும், நம்பர் சுத்தி 255 ஆகி அணுகுண்டு போடுவார்ங்கற கதையை கேள்விப்படாதவங்க கிடையாது. அப்படி ஒரு பக் இருந்ததே இல்லன்னு 2020-ல வந்த தன்னோட நினைவுக் குறிப்புல, முதல் கேமை உருவாக்கின சிட் மெயரே எழுதிட்டாரு. சிவ் 5-ல தான் காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேணும்னே ஏத்தி வச்சாங்க. ஆனா இன்னைக்கும் "பழைய சிவ் எவ்ளோ பக், பாருங்க காந்தி"ன்னு இதையே எடுத்து வைக்கறாங்க. ஈட்டிக்காரன் டேங்கை கவுத்த கதைக்கு மட்டும் நிஜமான அடிப்படை இருக்கு, முதல் கேம்ல ஒரே ஒரு குலுக்கல்ல சண்டை முடியும், அதனால அதிர்ஷ்டம் இருந்தா ஃபாலன்க்ஸ்கூட (பழங்கால ஈட்டிப் படை) போர்க்கப்பலை மூழ்கடிக்கும். 1996-ல சிவ் 2 ஹிட் பாயின்ட் கொண்டு வந்து அதை நல்லாவே குறைச்சுச்சு.

நம்ம ஆளுங்க கிட்ட மட்டும் ஒன்னு சொல்லணும். சிவ் 7-ல எக்ஸ்ப்ளோரேஷன் ஏஜ்ல சோழர் இருக்காங்க, எனக்கும் பாத்ததும் அப்படி ஒரு சந்தோஷம். அதுக்காக அந்தக் கேம் சிவ் 4-ஐ விட பெஸ்ட் ஆயிடாது, அதே மாதிரி சிவ் 4-ல சோழர் இல்லங்கறதால அது மட்டமும் ஆயிடாது. சோழரை எடுத்து ஆடுங்க, நல்லா ஆடுங்க, மதிப்பெண் போடும்போது மட்டும் ஏஜ் மாறும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு, ஊர் போடற கணக்கு பிடிச்சுச்சா, கடைசி ஏஜ்ல ஆர்வம் இருந்துச்சான்னு தனியா பாருங்க. சேல்ல பழைய சிவ் வாங்கறவங்க பேஸ் கேமை மட்டும் பாத்து வாங்காதீங்க, சிவ் 4-னா பியாண்ட் த ஸ்வார்ட், 5-னா பிரேவ் நியூ வேர்ல்டு, 6-னா கேதரிங் ஸ்டார்ம் அந்த பேக்ல சேர்ந்திருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க.