வேனுக்கு அலைன்மென்ட்: சாமானை இறக்காதீர்கள்

வேனோ சிறிய லாரியோ தினமும் ஒரே மாதிரி பாரத்தோடு ஓடுகிறதா? கருவிப் பெட்டி, ரேக், சாமான் எல்லாம் ஏற்றியபடியே வீல் அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய, கொண்டுபோங்கள். டேங்கில் எரிபொருள் நிறைந்திருக்கட்டும். டயர் காற்றும் அந்தப் பாரத்துக்குச் சொல்லப்பட்ட அளவில் இருக்க வேண்டும்.

பின்னால் 300 கிலோ ஏறினால் பின்பக்கம் தாழும், கேஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறும். முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருந்தால், முன்பக்கம் ஏறி இறங்கும்போது கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கூட நகரும். காலி வண்டியில் கச்சிதமாக வைத்த டோ, பாரம் ஏறியதும் விலகி டயரைத் தின்ன ஆரம்பிக்கும். டயர் பட்டன்கள் (டயரில் மேடாக நிற்கும் ரப்பர் கட்டைகள்) மேல் கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி கூர்மை என்றால் டோ கோளாறுதான்.

பாரத்தோடு அளக்கும்போது, உங்கள் மாடலின் கையேட்டில் வண்டியின் உயரத்துக்கோ பாரத்துக்கோ ஏற்ற அளவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். காலி வண்டிக்கான அளவு மட்டுமே இருந்தால், அல்லது பாரம் என்றைக்கோ ஒருநாள்தான் என்றால், காலியாகவே செய்யுங்கள். முன்னால் ஒரே அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும் உள்ள லாரியில் பாரத்தால் கேம்பர் பெரிதாக மாறாது. அங்கே இவ்வளவு மெனக்கெட வேண்டாம். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்ப உதவும் இணைப்புகளான பால் ஜாயின்ட்டோ டை ராட் முனையோ ஆடினால், முதலில் அதை மாற்றுங்கள். ஆடுகிற பாகத்தை வைத்து எந்தக் கோணமும் நிற்காது.